துறைமுகச் சாலைக்கு எந்த ஃபிளைவீல்?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டுப்போய், உதிரிபாகம் கிடைக்காமலோ விலை கட்டுப்படியாகாமலோ, அதே எஞ்சினோடு மேனுவல் கியர்பாக்ஸைப் பூட்டிக்கொள்ள முடிவெடுப்பவர்கள் உண்டு. கியர்பாக்ஸுக்கும் கிளட்ச் பெடலுக்கும் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடும் அவர்கள், ஃபிளைவீல் விஷயத்தில் மட்டும் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால், எடை குறைந்தால் வண்டி பறக்கும் என்ற பேச்சை நம்பி, இருப்பதையும் லேத்தில் கொடுத்துச் சீவிவிடுகிறார்கள். வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தினமும் ஓடப்போகும் வண்டிக்கு இரண்டுமே தவறு. அதே எஞ்சினின் மேனுவல் மாடலுக்குத் தயாரிப்பாளர் என்ன எடையில் கொடுத்தாரோ அதே எடையில் போடுவதுதான் சரி.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிராங்கின் முனையில் இருப்பது பல் வளையம் பொருத்திய ஒரு மெல்லிய இரும்புத் தகடுதான். கனமெல்லாம் அதற்குப் பின்னால் எண்ணெய் நிரம்பிச் சுழலும் டார்க் கன்வர்ட்டரில் இருக்கிறது. எஞ்சினின் அதிர்வை அடக்கிச் சீராகச் சுழல வைப்பது அதுதான்; பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக ஊர்வதும் அதனால்தான். மேனுவலுக்கு மாற்றும்போது தகடு, கன்வர்ட்டர் இரண்டும் போய்விடுகின்றன. அந்த இடத்தில் எடை குறைந்த ஃபிளைவீலைப் போட்டால், ஊர்ந்து பழகியவரின் வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் ஆஃப் ஆகி நிற்கும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 30 செ.மீ. விட்டமும் 10 கிலோ எடையும் கொண்ட ஃபிளைவீல் வட்டு நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும்போது, அதில் சுமார் 600 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். ஒரு டன் கார் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நகரும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவுதான். கன்டெய்னர் லாரிகள் துறைமுக கேட்டை நோக்கி வரிசை கட்டும் நாளில், அவற்றுக்கு இடையில் மாட்டிக்கொண்ட கார் நகரும் வேகமும் அதுதான். வட்டின் எடையைப் பாதியாக்கினால் கையிருப்பு 300 ஜூலாகிவிடும். குறைந்ததை ஆக்சிலரேட்டரை மிதித்தும் ஹாஃப் கிளட்ச்சில் வைத்தும்தான் ஈடுகட்ட வேண்டும். அப்போது எழும் வெப்பத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும். இரும்பு பாதியானால் அதே வெப்பத்துக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடேறும். கிளட்ச் பிளேட் தீய்ந்து நாற்றம் வருவதற்கும், கிளட்ச்சை விடும்போது வண்டி உதறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

கனமான சக்கரத்தின் அருமையை இந்த வட்டாரத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1955 முதல் திருவொற்றியூரோடு பிணைந்த புல்லட், ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரே ஒரு முறைதான் அதற்கு உந்துதல் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அதைச் சுழற்றிக்கொண்டிருப்பது கிராங்கோடு இருக்கும் கனத்த இரும்புதான். பழைய புல்லட் அத்தனை நிதானமாக ஐடிலில் நின்று துடித்ததும், குறைந்த வேகத்தில் திணறாமல் இழுத்ததும் அந்தக் கனத்தின் பலனே.

எடை குறைந்தால் பிக்கப் கூடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எந்தக் கியரில் என்று கேட்க வேண்டும். முதல் கியரில் எஞ்சின் 13 சுற்றுக்குச் சக்கரம் 1 சுற்று, டயரின் ஆரம் 29 செ.மீ. என்று கொண்டால், மேற்சொன்ன வட்டில் பாதி எடையைக் குறைப்பது வண்டியில் இருந்து 110 கிலோவை இறக்கியது போல வேலை செய்யும். டாப் கியரில், 3 சுற்றுக்கு 1 என்று ஆனதும், அதே லாபம் 6 கிலோவாகச் சுருங்கிவிடும். அந்தக் காலத்துச் சோழவரம் ஓடுதளத்திலும் இன்றைய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் நொடிக்கு நொடி கியர் மாற்றுபவருக்கு இது பொருளுள்ள லாபம். கேட்டுக்கு முன்னால் ஊர்பவருக்கு நஷ்டம். கனம் கூடினால் பெட்ரோல் குடிக்கும் என்பது இன்னொரு வாதம். ஒரே வேகத்தில் ஓடும்போது ஃபிளைவீல் ஆற்றல் எதையும் விழுங்குவதில்லை. வேகம் மாறும்போதுதான் வாங்குகிறது, அதிலும் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. இதற்காகத் தேவைக்கு மேல் கனத்தை ஏற்றுவதும் கூடாது. தயாரிப்பாளர் சோதித்து வைத்த எடை என்ற அளவுகோல் இருக்கும்போது ஊகத்துக்கு இடமில்லை.

புதுப்பேட்டையில் ஃபிளைவீலைப் பழையதாக வாங்குபவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கிளட்ச் பிளேட் உரசும் முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அது கடுமையாகச் சூடேறியது. மயிரிழை விரிசல் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம், வேகமாகச் சுழலும்போது அது வெடித்துச் சிதறலாம். பல் வளையத்தின் (ரிங் கியர்) பற்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரோடு பொருந்த வேண்டும். தகட்டுக்குப் போட்ட போல்ட்டுகள் ஃபிளைவீலுக்குப் பெரும்பாலும் நீளம் போதாது. ஆட்டோமேட்டிக்குக்கு என்று வந்த கிராங்கில் பைலட் பேரிங்குக்கான துளை கடையப்படாமலும் இருக்கலாம். இதை எஞ்சினைப் பூட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சில எஞ்சின்களில் பேலன்ஸுக்கான எடையை அந்தத் தகட்டிலேயே வைத்திருப்பார்கள். ஆகவே கழற்றிய தகட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். புது ஃபிளைவீலோடு அதையும் பேலன்சிங் பட்டறைக்கு எடுத்துப்போய், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பூட்டச் சொல்லுங்கள்.