பாட்டிமார்களின் கடல்

கோடை முடிந்த பிறகு கடலில் குளிப்பதா? "உடம்புக்கு ஆகாது!" என்று நீங்கள் சொல்லக்கூடும். கிரேக்க நாட்டுத் தீவுகளில் உள்ள பாட்டிமார்களோ, செப்டம்பர் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் பிரயாணம் செய்தால் நக்ஸாஸ் தீவு வரும். துறைமுகத்தை நெருங்கும்போதே பிரம்மாண்டமான சலவைக்கல் வாசல் ஒன்று தன்னந்தனியாக நிற்பதைக் காணலாம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் வாசல் அது. அரியாட்னி என்ற ராஜகுமாரியைத் தூங்கும்போது காதலன் விட்டுவிட்டுப் போனது இந்தத் தீவில்தானாம். நளன் ஞாபகம் வருகிறதல்லவா? அவனை விடுங்கள், கடலுக்குப் போவோம்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் 'மெல்டெமி' என்னும் வடகாற்று மணலை வாரி இறைக்கும். போதாததற்கு, எள் விழ இடமில்லாத கூட்டம். செப்டம்பரில் காற்று தணிகிறது, பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன, கூட்டமும் கலைகிறது. தண்ணீரின் சூடு மட்டும் போவதில்லை. மே மாதத்தில் 19 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருந்த கடல், இப்போது 24 டிகிரி! காரணம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. தோசைக்கல் சட்டென்று காயும், சட்டென்று ஆறும். அண்டாத் தண்ணீர் சுடவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். சமுத்திரம் எவ்வளவு பெரிய அண்டா! (சென்னைக் கடலில் கால் நனைத்த நமக்கு 24 டிகிரியே சில்லென்றுதான் இருக்கும்.)

ஊரை ஒட்டியுள்ள புனித ஜார்ஜ் கடற்கரையில் வெகுதூரம் ஆழமே கிடையாது. அங்கே மார்பளவுத் தண்ணீரில், தலையில் தொப்பியுடன், பாட்டிமார் வட்டமாக நின்று ஊர்வம்பு பேசுகிறார்கள். நம் ஊர்க் குளத்துப் படித்துறையேதான்! பாட்டிக்குக் கிரேக்க மொழியில் 'யாயா' என்று பெயர். பழந்தமிழில் 'யாய்' என்றால் தாய். உறவு கொண்டாட ஆசைதான். மொழி வல்லுநர்கள் அடிக்க வருவார்கள்! கடலில் நீந்துவதை அவர்கள் 'குளியல்' என்றே சொல்கிறார்கள். இந்த வருஷம் எத்தனை குளியல் ஆயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்வதும் உண்டு.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிரேக்கக் கடலில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். 'சீஸன்' முடிந்ததும் பல கடற்கரைகளில் உயிர்காக்கும் காவலர்களும் போய்விடுகிறார்கள். கடல் அழைக்கும்போது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை! ஆகையால் நீங்கள் அங்கே போக நேர்ந்தால், தனியாக மட்டும் இறங்காதீர்கள். நீந்தத் தெரிந்தாலும் கரையை ஒட்டியே நீந்துங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராட வேண்டாம், களைத்துத்தான் போவீர்கள். பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். வடகாற்று வீசும் நாளில் வடக்குக் கரைப் பக்கமே போகாதீர்கள். பாறையுள்ள இடமானால் காலில் ரப்பர் செருப்பு அவசியம். முள் நிறைந்த கறுப்பு உருண்டைப் பிராணிகள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெயில் ஏறிவிட்டது. யாயாமார் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். ஒரு தொப்பிகூட நனையவில்லை.