நினைவுக் கல்லின் எழுவாய்

ஒரு நாட்டுக்கு நேர்ந்த பேரழிவை அந்நாட்டார் ஆண்டுதோறும் நினைந்து போற்றல் வேண்டுமா, அன்றி அதனை மறந்து மேலே செல்லல் வேண்டுமா என்னும் வினா நம் மன்றங்களிற் பலகாலும் எழுகின்றது. மறத்தலே நன்றென்பார் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். பிறர் செய்த நன்மையை மறத்தலாகாது, தீமையையோ அன்றே மறந்துவிடல் வேண்டும் என்பது அவர் செய்ந்நன்றியறிதலிற் கூறிய அறம். நினைத்தலே கடனென்பார் தொல்காப்பியத்தைக் காட்டுவர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையை, தக்க கல்லைக் காண்பது தொடங்கி நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக, ஆறு துறைகளாக வகுத்துக் கூறுகின்றது புறத்திணையியல். இரு கட்சியார்க்கும் தமிழிற் சான்றுண்டு. ஆதலின் சான்று காட்டி வழக்கைத் தீர்த்தல் இயலாது. இவ்வினாவை வாழ்க்கையிலே எதிர்கொண்டு விடைகாண முயன்ற மக்களின் வரலாற்றை நோக்குதலே தக்கது. அதற்கு யப்பான் நாட்டின் ஹிரோஷிமா, நாகசாகி என்னும் இரு நகரங்களினும் பொருத்தமான இடம் வேறில்லை.

1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின் மேல், நிலத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில், அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டோர் சுமார் 1,40,000 பேர் என்பர். மூன்று நாளின் பின் நாகசாகியில் வீழ்ந்த குண்டினால் அவ்வாண்டு இறுதிக்குள் மாண்டோர் சுமார் 70,000 பேர். இவை யாவரும் அறிந்தவை. அதன் பின் எழுந்த வழக்கையோ பலரும் அறியார்.

இரு நகரும் இரு வழியும்

ஹிரோஷிமாவிலே, குண்டு வெடித்த இடத்துக்கு மிக அருகில், ஆற்றங்கரையில் ஒரு மண்டபம் நின்றது. யான் லெட்செல் என்னுஞ் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் அமைத்த அம்மண்டபம் 1915இல் எழுந்தது. அம்மாவட்டத்தின் கைத்தொழிற் பொருள்களைக் காட்சிப்படுத்தற்காக அமைந்தது அது. குண்டு ஏறக்குறைய நேர்மேலே வெடித்தமையாற் சுவர்களிற் பல வீழாது நின்றன. கவிகைமாடத்தின் இரும்பெலும்புக்கூடும் நின்றது. இன்று உலகறிந்த அணுகுண்டுக் கவிகைமாடம் அதுவே.

அதனைக் காத்தல் வேண்டுமென எல்லாரும் தொடக்கத்திலேயே ஒருமுகமாய் எண்ணினர் என்று கருதுவார் பிழைபடுவர். பல்லாண்டுகளாக, அதனை இடித்துவிடல் வேண்டும் என்ற குரல் வலுவாக எழுந்தது. அக்குரலை எழுப்பியோருட் பலர் குண்டிற் றப்பியவர்கள். நாடோறும் அவ்விடிபாட்டைக் கடந்து செல்லுந்தோறும் மாண்ட பிள்ளையின் முகம் முன்வந்து நிற்கிறதென்றால் அதனை எவ்வாறு பொறுப்பர்? அக்கதிரால் தீண்டப்பட்டோர் மணம் பேசுமிடத்தும் தொழில் தேடுமிடத்தும் ஒதுக்கப்பட்ட காலம் அது. தம் வரலாற்றை மறைத்து வாழ்ந்தோர் பலர். மறதியை வேண்டியவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்களே யாவரினும் மிக அழுதவர்கள். இதனை மறந்து பேசும் நினைவுக் கட்சியாரின் வாதம் அரை வாதமே.

வழக்கைத் திருப்பியது ஒரு சிறுமியின் நாட்குறிப்பு. குண்டு வீழ்ந்தபோது ஒரு வயதுக் குழந்தையாயிருந்த அவள், 1960இல், 16 வயதிற் குருதிப் புற்றுநோயால் இறந்தாள். அம்மண்டபமே அவ்வழிவின் கொடுமையை உலகுக்கு என்றும் உரைக்க வல்லது என்னும் கருத்தை அவள் எழுதி வைத்திருந்தாள். அதனைப் படித்த பிற பிள்ளைகள் தெருவில் நின்று கையொப்பந் திரட்டினர். 1966இல் நகரசபை மண்டபத்தை நிலையாகக் காப்பதென ஒருமனதாய்த் தீர்மானித்தது. நன்கொடைகள் குவிந்தன. மறுவருடமே வெடிப்புகளிற் செயற்கைப் பிசின் செலுத்தப்பட்டுச் சுவர்கள் உறுதியாக்கப்பட்டன. நின்றபடியே, அதாவது இடிந்தபடியே, நிற்குமாறு அம்மண்டபம் காக்கப்பட்டது.

நாகசாகி வேறு வழியிற் சென்றது. அங்கே உராகாமி என்னும் பகுதியிற் பெரியதொரு கத்தோலிக்கப் பேராலயம் இருந்தது. அப்பங்கின் மக்கள் சுமார் 12,000 பேருள் 8,500 பேர் வரை மாண்டனர் என்பர். எஞ்சிநின்ற சுவர்த்துண்டுகளையும் கருகிய சிலைகளையும் காத்தல் வேண்டுமென நகரசபையார் விரும்பினர். ஆயினும் 1958இல் அவை அகற்றப்பட்டன; 1959இல் அதே இடத்திற் புதிய ஆலயம் எழுந்தது. ஒரு சுவர்த்துண்டு மாத்திரம் குண்டு வெடித்த இடத்திலுள்ள பூங்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

நாகசாகியார் மறதியைத் தேர்ந்தனர் என்று இதனாற் சொல்லலாமோ? சொல்லலாகாது. யப்பானிற் கிறித்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அம்மக்களின் முன்னோர் திருவுருவங்களைக் காலால் மிதிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட ஊர்த்தலைவனின் மனை இருந்த நிலம் அது. மறைவாக விசுவாசத்தைக் காத்து, தடை நீங்கிய பின் அந்நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பியவர்கள் அவர்கள். அதே நிலத்தில் மீண்டும் மணி ஒலித்தல் வேண்டுமென்று அவர்கள் பிடிவாதமாய் நின்றதற்குக் காரணம், குண்டினும் பழைய நினைவொன்று அங்கே வேரூன்றியிருந்தமையே. இடிபாட்டை அகற்றியதும் ஒருவகை நினைத்தலே. ஆகவே நினைத்தலா மறத்தலா என்று வினவுதல் வினாவைப் பிழைபட அமைத்தலாகும். எதனை நினைக்கின்றோம், யார் நினைக்கின்றோம் என்பனவே உரிய வினாக்கள்.

கல்லிற் பொறித்த வாக்கியம்

ஹிரோஷிமாப் பூங்காவின் நடுவே, கட்டடக் கலைஞர் தங்கே கென்சோ அமைத்த வளைந்த நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. 1952 ஓகஸ்ட் 6ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதன் வளைவினூடாக நோக்கினால் ஆற்றின் அக்கரையிலே கவிகைமாடம் தெரியும். வளைவின் கீழுள்ள கற்பேழையிற் பொறித்த வாசகத்தை இயற்றியவர் சைக்கா தடயோஷி என்னும் பேராசிரியர். அவரும் குண்டிற் றப்பியவரே. இறந்தோர் அமைதியாகத் துயிலுமாறு வேண்டி, தவறு மீண்டும் செய்யப்படாது என உறுதி கூறுவது அதன் பொருள். யாராற் செய்யப்படாது? யாருடைய தவறு? அவ்வாசகத்தில் எழுவாய் இல்லை.

நம் மாணவர் இதனைத் தோன்றா எழுவாய் என்பர். ஆயின் தமிழிலே எழுவாய் தோன்றாதாயினும் வினை அதனைக் காட்டிவிடும். 'நாளை வருவேன்' என்னுமிடத்து 'யான்' என்பது மறைந்திருப்பினும், ஈற்றில் நிற்கும் 'ஏன்' விகுதி பேசுபவனை வெளிப்படுத்திவிடும். யப்பானிய வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. அவ்வாசகத்தை வினைமுற்றாகத் தமிழிற் பெயர்க்கப் புகுவோன் 'செய்யமாட்டோம்' என்பதா, 'செய்யமாட்டார்கள்' என்பதா என்று தடுமாறி நிற்பான். முன்னையது தன்மை, பின்னையது படர்க்கை. ஒன்றிற் பொறுப்பு ஏற்கப்படுகிறது. மற்றையதிற் பழி சாட்டப்படுகிறது.

இத்தடுமாற்றம் 1952இலேயே பெருவழக்காயிற்று. தோக்கியோ விசாரணை மன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பளித்த இந்திய நீதிபதி ராதா பினோத் பால் அவ்வாண்டு ஹிரோஷிமாவுக்குச் சென்று, அவ்வாசகத்தின் பொருளைக் கேட்டறிந்து கண்டித்தார். குண்டை வீசியவர் யப்பானியர் அல்லரே. செய்யாத தவற்றுக்கு அவர்கள் ஏன் உறுதிமொழி கூறல் வேண்டும் என்பது அவர் வினா. சைக்கா இதனை ஏற்றிலர். ஹிரோஷிமாக் குடிமகன் உலகக் குடிமகனுமாய் நின்று பேசும் மொழி இஃது என்பது அவர் கொள்கை. பின்னர் 1983இல், அவ்வாசகத்தின் எழுவாய் மனிதகுலம் முழுதுமே என்று விளக்கும் பலகையை நகரசபை அங்கே நாட்டியது.

மனிதகுலம் என்பது பெரிய சொல். அதனுள் யார் யார் அடங்குவர் என்பதற்குச் சோதனை விரைவில் வந்தது. குண்டு வீழ்ந்த நாளில் ஹிரோஷிமாவிற் கொரியர் பல்லாயிரவர் இருந்தனர். கட்டாய வேலைக்கெனக் கொண்டுவரப்பட்டோர் அவருட் பலர். அவர்களும் அதே தீயில் மாண்டனர். 1970இல் அவர்களுக்கெனக் கல் நாட்டப்பட்டபோது அது பூங்காவினுள் இடம்பெறவில்லை. ஹொன்காவா ஆற்றின் மறுகரையிலே, பாலத்தடியில் நின்றது. 1999இலேயே அது பூங்காவினுட் கொண்டுவரப்பட்டது. ஒரு பாலத்தைக் கடக்க ஒரு கல்லுக்கு 29 ஆண்டுகள் வேண்டியிருந்தன!

1996இற் கவிகைமாடம் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டபோது அமெரிக்கா அம்முடிவிற் சேராது விலகி நின்றது. சீனாவும் தன் தயக்கத்தைப் பதிவுசெய்தது. போரில் ஆசிய மக்கள் பட்ட துன்பம் மறைக்கப்படலாகாது என்பது சீனாவின் கவலை. இக்கவலையை ஹிரோஷிமா அறியாதிருந்ததன்று. 1994இல் அதன் நினைவு நூதனசாலை விரிவுபெற்றபோது, அந்நகர் முன்னர்ப் படைநகராய் இருந்ததும், 1894இற் சீனாவோடு தொடங்கிய போரிற் பேரரசின் தலைமைப் பாசறையே அங்கு அமைந்திருந்ததும் காட்சியில் இடம்பெற்றன. தன் புண்ணைக் காட்டும் நகர், தான் பிறர்க்கு இழைத்ததையும் அருகே வைத்துக் காட்டத் தொடங்கிற்று.

யாமும் நாமும்

தமிழிலக்கணம் இங்கே நமக்கு ஒரு நுட்பம் கற்பிக்கின்றது. தன்மைப் பன்மையில் இருவகையுண்டு. 'நாங்கள்' என்பது கேட்போரை விலக்கும். 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். நன்னூலார் இவ்வேறுபாட்டை வினை விகுதிகளுக்கும் வகுத்தார். நினைவுக் கல்லின் முன் நிற்போர் 'நாங்கள்' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடின், அக்கல் பகையை வளர்க்கும் கல்லாகும். மறந்துவிடுக என்போர் அஞ்சுவதும் இதனையே, அவ்வச்சம் நியாயமானது. ஆயின் 'நாங்கள்' என்று அழ இடங்கொடாது 'நாம்' என்று பேசுமாறு பணித்தலும் கொடுமை. அந்நியப்படை ஆண்ட காலத்தில் குண்டின் கொடுமையை எழுதுவதே தணிக்கைக்குட்பட்டிருந்தது. 1950இல் நினைவுவிழாவும் தடைப்பட்டது. தடுக்கப்பட்ட துயர் மறையவில்லை, உள்ளே கனன்றது. ஆதலின் 'நாங்கள்' முதற்படி. 'நாம்' அடுத்த படி. முதற்படியை மறிப்பவன் அடுத்ததைக் கேட்கும் உரிமையை இழக்கிறான்.

வள்ளுவர் மறக்கச் சொன்ன தீமை யாது? தமக்கிழைக்கப்பட்ட தீங்கினால் எழும் வன்மத்தையே மறக்கச் சொன்னார். மாண்டவரை மறக்கச் சொன்னாரல்லர். இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. 1951 செப்ரெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் பேராளராகச் சென்ற ஜே. ஆர். ஜயவர்த்தன, பகையாற் பகை தணியாதென்னும் புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடம் நட்டஈடு கோரோம் என்றார். குண்டு வீழ்ந்ததை அவர் மறைத்தாரல்லர். அதனைக் கூறியே கடனைத் தள்ளினார். நினைவின்றி மன்னிப்பில்லை. எதனை மன்னிக்கின்றோம் என்று அறியாதவன் எவ்வாறு மன்னிப்பான்?

அயலாரிடம் அவ்வளவு பெருந்தன்மை காட்டிய நாட்டில், 2009இல் முடிந்த போரின் நினைவு இன்னும் இரு கூறாகவே நிற்கின்றது. மே 18ஆம் நாள் ஒரு சாரார் முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்கு விளக்கேற்றுகின்றனர். மறுநாள் அரசு தன் படையினரைப் போற்றுகின்றது. இரு நாள்களுக்கிடையே ஓரிரவுதான் உண்டு; அதனைக் கடக்கும் பாலமோ இன்னும் அமையவில்லை. ஒருவரது கல் மற்றவரது பூங்காவுக்கு வெளியே நிற்குங்காறும், 'மேலே செல்வோம்' என்ற அழைப்பு வெளியே நிற்பவன் காதில் 'நீ விலகிச் செல்' என்றே ஒலிக்கும்.

காலமும் நிற்பதில்லை. 2025 மார்ச்சு மாத முடிவில், உயிரோடிருக்கும் குண்டிற் றப்பியோர் தொகை, இரு நகரையுஞ் சேர்த்து, முதன்முறையாக ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கிற்று. அவர்களது அமைப்பான நிஹொன் ஹிடான்கியோ 2024இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்றதைக் காணாமலே பலர் மறைந்தனர். இதனை முன்னறிந்து, ஒருவரது அனுபவத்தைக் கேட்டுப் பயின்று அவர்க்குப் பின் எடுத்துரைக்கும் இளையோரை 2012 முதல் ஹிரோஷிமா பயிற்றி வருகின்றது. குருவிடம் பாடங்கேட்டு ஏட்டை வாழவைத்த மரபினர்க்கு இம்முறை புதியதன்று. ஆசிரியர்கள் இதனைக் கருத்தில் இருத்தல் வேண்டும். பேரழிவின் தேதியை மாணவனுக்கு மனப்பாடஞ் செய்வித்தல் போதாது. அந்நினைவு வாக்கியத்தின் எழுவாய் யார் என்று அவனை வினவுதல் வேண்டும்.

கற்பேழையினுள் இறந்தோர் பெயரேடுகள் உள்ளன. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 6ஆம் நாள் புதிய பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. அத்தொகை இன்று 3,40,000ஐக் கடந்துவிட்டது. அவ்வேடுகளுள் ஒன்றில் மாத்திரம் பெயர்களே இல்லை. அதன் தாள்கள் வெறுமையானவை. யாரென்று அறியப்படாது மாண்டவர்க்கு அஃது உரியது. எந்தச் சமுதாயம் நினைவுவிழா எடுப்பினும், தன்னவர் பெயரெழுதிய ஏடுகளின் அருகே, தான் இன்னும் பெயரறியாத பிறரது இறந்தவர்க்காக ஓரேட்டையேனும் திறந்து வைத்திருத்தல் வேண்டும். அவ்வேடு உள்ளவரை நினைத்தல் நன்று. அஃதில்லாத விழாவைக் கைவிடுதலே நன்று.