"மெம்பிரேன் போச்சு மேடம்!"

போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த வசனம் காதில் விழும்: "மெம்பிரேன் போச்சு மேடம், எல்லா ஃபில்டரையும் சேர்த்தே மாத்திடலாம்." சில ஆயிரம் ரூபாய் கைமாறும். பழைய மெம்பிரேன் சர்வீஸ்காரரின் பைக்குள் போய்விடும். பில் கேட்டால் "வாட்ஸ்அப்ல வரும்" என்பார். வந்தால் அதிசயம்.

உப்பை வடிகட்டும் சவ்வான இந்த மெம்பிரேன் போனதா இல்லையா என்பதை நாமே பார்த்துவிடலாம். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும். மெஷினுக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் அளந்து பாருங்கள். உள்ளே 1,200, வெளியே 100 என்றால் மெம்பிரேன் நன்றாகவே உழைக்கிறது. வெளியே வருவது மாதத்துக்கு மாதம் ஏறி 400, 500 என்று நின்றால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் காலையில் பிடிக்கும் முதல் டம்ளரை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரவு முழுக்க மெஷின் சும்மா இருந்தால் அளவு கூடித்தான் தெரியும். உள்ளே டி.டி.எஸ். கன்ட்ரோலர் திறந்திருந்தாலும் அப்படியே. தண்ணீர் மெதுவாக வருவதற்கும் மெம்பிரேன்தான் காரணம் என்றில்லை; அடைத்துக்கொண்ட செடிமென்ட் ஃபில்டரோ பம்போ காரணமாக இருக்கலாம்.

அதற்காக எதையும் மாற்றாமல் இழுத்தடிப்பதும் சரியல்ல. செடிமென்ட், கார்பன் இரண்டும் விலை குறைவு. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியவை. செம்மண் நிறத்தில் இரும்பு வரும் போர் என்றால் இன்னும் சீக்கிரம். போர் தண்ணீரோடு மாநகராட்சித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்தால், கார்பன் செத்த பிறகு குளோரின் நேராகப் போய் மெம்பிரேனை அரித்துவிடும்.

மெஷின் விற்க வருபவர்கள் வாசலிலேயே காட்டும் ஒரு வித்தையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து தொங்கும் உலோகக் கம்பிகள். சுவிட்சைப் போட்டதும் உங்கள் வீட்டுத் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். அவர்கள் மெஷின் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கரைந்து வருவது பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பிதான். உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். உப்பு குறைந்த தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. உங்கள் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை.

டி.டி.எஸ். மீட்டருக்கும் எல்லை உண்டு. கிருமி, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் அது தனியாகக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இன்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5 மில்லிகிராம். நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அங்கே போரை நம்பியிருக்கும் வீட்டில் மெம்பிரேன் பழுதாகி ஃபுளோரைடு வந்தால் நாக்குக்குத் தெரியாது, பல்லும் எலும்பும்தான் காட்டிக்கொடுக்கும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்த வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் எந்தப் பாகம், எவ்வளவு விலை, எத்தனை மாத வாரன்டி என்று எழுதி வாங்குங்கள். பழைய மெம்பிரேன் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்; கொடுத்தனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. புகார் கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் அதைக் கத்தியால் கீறிவிட்டுப் போடுவது நல்லது, கழுவிப் புது உறை மாட்டி அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கும். ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது மெம்பிரேனும் பம்பும் அதில் சேர்த்தியா, வெறும் சர்வீஸ் மட்டுமா என்று பாருங்கள். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாமல், மெஷினிலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பதையே கூப்பிடுங்கள். போலி ஆட்கள் இணையத் தேடல் வழியாகவும் உள்ளே வருவதுண்டு.

ஏமாந்தது தெரிந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பாதிப்பு நேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. யூ.பி.ஐ. ரசீது, மீட்டர் அளவைக் காட்டும் படம், வாட்ஸ்அப் பேச்சு, கழற்றிய பாகம் எல்லாமே சாட்சி. நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் சரி, மும்பையில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.