கூட்டின் அருகே ஒரு கண்

தொலைவில் உள்ள ஊரில் வாழும் தாத்தா பாட்டியைக் கைப்பேசித் திரையில் கண்டு உரையாடிய அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கும். அவர்கள் வீட்டு முற்றத்தில் பெய்யும் மழையை, அது பெய்யும் அதே நொடியில் நாம் இங்கிருந்தே காண்கிறோம். நிகழ்வதை நிகழும்போதே காட்டும் இம்முறையை ‘நேரலை’ என்கிறோம். இன்று இந்நேரலை, மனிதர் எளிதில் நெருங்க முடியாத காட்டுப் பறவைகளின் கூடுகளையும் நமக்குக் காட்டுகின்றது. அவ்வாறு உலகெங்கும் உள்ள மக்கள் கண்டு வரும் ஒரு கழுகுக் கூட்டைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

மலைமேல் ஒரு மரம்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பெர்னார்டினோ என்னும் மலைத்தொடர் உள்ளது. அம்மலைமேல் பிக் பேர் என்னும் ஏரி அமைந்துள்ளது. ஏரியை நோக்கி நிற்கும் உயர்ந்த பைன் மரம் ஒன்றில், தரையிலிருந்து ஏறத்தாழ 145 அடி உயரத்தில், ஒரு கழுகு இணையின் கூடு இருக்கின்றது. பதினான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இக்கூட்டில் வாழ்பவை வெண்தலைக் கழுகுகள் ஆகும். இவற்றின் ஆங்கிலப் பெயரான ‘பால்ட் ஈகிள்’ என்பதைக் கேட்போர், இவை வழுக்கைத் தலை உடையவை என்று எண்ணுவர். உண்மையில் இவற்றின் தலை முழுவதும் தூய வெண்ணிற இறகுகள் உள்ளன. அச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வெண்மை என்னும் பொருளும் இருந்தது. அப்பொருளிலேயே பறவைக்குப் பெயர் அமைந்தது. தமிழ்ப் பெயரோ கண்டதைக் கண்டவாறே கூறுகின்றது.

இக்கழுகு சிறகுகளை விரித்தால் இரண்டு மீட்டர் அளவுக்கு நீளும். மீனே இதன் முதன்மை உணவு. ஆதலால் ஏரி, ஆறு, கடற்கரை ஆகியவற்றின் அருகிலேயே கூடு கட்டும். சுள்ளிகளை அடுக்கி, நடுவில் காய்ந்த புல்லைப் பரப்பிக் கூட்டை அமைக்கும். ஆண்டுதோறும் அதே கூட்டின்மேல் மேலும் சுள்ளிகளைச் சேர்ப்பதால் கூடு வளர்ந்துகொண்டே செல்லும். புளோரிடா மாநிலத்தில் 1963ஆம் ஆண்டு அளக்கப்பட்ட ஒரு கூடு 2.9 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் உடையதாய் இருந்தது.

பிக் பேர் கூட்டில் வாழும் பெண் கழுகுக்கு ஜாக்கி என்றும், ஆண் கழுகுக்கு ஷாடோ என்றும் மக்கள் பெயரிட்டுள்ளனர். கழுகு இனத்தில் பெண்ணே உருவில் பெரியது. ஆகவே இரண்டும் அருகருகே நிற்கும்போது எது ஜாக்கி என்பதை எளிதில் அறியலாம்.

கருவி இயங்கும் முறை

கூடுகளை நேரலையில் காட்டும் வழக்கம், அயோவா மாநிலத்தின் டெக்கோரா என்னும் ஊரில் இருந்த கழுகுக் கூட்டினால் 2011ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்றது. பிக் பேர் கூட்டின் அருகில் 2015ஆம் ஆண்டில் கேமரா பொருத்தப்பட்டது. ‘பிரெண்ட்ஸ் ஆப் பிக் பேர் வேலி’ என்னும் தன்னார்வ அமைப்பு அதனைப் பேணி வருகின்றது.

சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்னாற்றலால் இக்கருவி இயங்குகின்றது. இரவில் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்திக் காட்சியைப் பதிவு செய்கின்றது. அவ்வொளி கழுகின் கண்ணுக்குப் புலப்படாது. எனவே இருளில் உறங்கும் பறவையை அது எழுப்புவதில்லை. கருவியைப் பழுதுபார்க்க வேண்டுமெனில், கழுகுகள் முட்டையிடாத மாதங்களில் மட்டுமே மரத்தில் ஏறுவர்.

குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் நேரம் நமது நேரத்தைவிட 13 மணி 30 நிமிடம் பின்தங்கியது. நாம் இரவு உணவுக்கு அமரும் வேளையில் அங்கே பொழுது புலர்கின்றது. ஆகவே அக்கழுகுகள் கண்விழிக்கும் காட்சியை இந்தியச் சிறுவர்கள் உறங்கச் செல்லுமுன் காண இயலும்.

காத்திருத்தல்

நேரலையைப் புதிதாகக் காண்போர் முதலில் சலிப்படையக்கூடும். மணிக்கணக்கில் ஒரு பறவை அசையாமல் அமர்ந்திருக்கும். ஆயினும் அவ்வமர்வே அங்கு நிகழும் பெரும் பணியாகும். தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாக்கின்றன. அவ்வப்போது எழுந்து அலகினால் முட்டைகளை மெல்லப் புரட்டுகின்றன. கூட்டுக்குள் நடக்கும்போது, கூரிய நகங்கள் முட்டையில் பட்டுவிடாதவாறு விரல்களை உள்ளே மடக்கிக்கொள்கின்றன. மீனைப் பற்றித் தூக்கும் அதே கால்கள் முட்டையின் அருகே இவ்வளவு மென்மையாக இயங்குவதைக் கருவியின் வழியே தெளிவாகக் காணலாம்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அம்மலையில் பனிப்புயல் வீசியது. ஜாக்கி ஏறத்தாழ 62 மணி நேரம் முட்டைகளை விட்டு நீங்காமல் அமர்ந்திருந்தது. அதன் முதுகில் பனி குவிந்தது. எனினும் அவ்வாண்டு இட்ட மூன்று முட்டைகளுள் ஒன்றும் பொரிக்கவில்லை. குஞ்சு வெளிவர வேண்டிய நாள் கடந்த பின்னரும் பறவைகள் உடனே கூட்டைக் கைவிடவில்லை, தொடர்ந்து அடைகாத்தன. 2023ஆம் ஆண்டிலும் இக்கூட்டில் குஞ்சுகள் இல்லை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அவற்றின் உழைப்பு பயன் தரவில்லை.

மூன்று குஞ்சுகள்

2025ஆம் ஆண்டு சனவரி 22, 25, 28 ஆகிய நாள்களில் ஜாக்கி மீண்டும் மூன்று முட்டைகளை இட்டது. அடைகாத்தல் ஒவ்வொரு முட்டைக்கும் 38 முதல் 40 நாள்கள் வரை நீடித்தது. குஞ்சின் அலகு நுனியில் ‘முட்டைப்பல்’ எனப்படும் சிறு முனை இருக்கும். குஞ்சு அதனைக் கொண்டு ஓட்டினுள்ளிருந்து மெல்ல மெல்லக் கீறி வெளிவரும். அவ்வாறே மார்ச் 3, 4, 8 ஆகிய நாள்களில் மூன்று குஞ்சுகளும் வெளிவந்தன.

புதிதாய்ப் பிறந்த குஞ்சின் உடலில் மெல்லிய சாம்பல் நிறத் தூவி மட்டுமே உண்டு. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் தொடக்க நாள்களில் அதற்கு இல்லை. பெற்றோரின் உடற்சூடே அதற்குப் போர்வை. தந்தை ஏரியிலிருந்து மீன் கொணர, தாய் அதனைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒவ்வொரு குஞ்சின் வாயிலும் வைக்கும்.

மார்ச் 13ஆம் நாள் மீண்டும் கடும் பனிப்புயல் வீசியது. அப்போது மூத்த குஞ்சுக்கு வயது பத்து நாள். இளைய குஞ்சுக்கு ஐந்து நாள். அவ்விரவு முழுவதும் பெற்றோர் குஞ்சுகளைப் போர்த்தி அமர்ந்திருந்தன. மறுநாள் காலையில் கூட்டில் இரண்டு குஞ்சுகளே உயிருடன் இருந்தன.

ஏன் ஒருவரும் உதவவில்லை?

இக்கேள்வி உங்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. உலகம் முழுவதும் கண்டுகொண்டிருக்கும்போது ஒருவர் மரத்தில் ஏறி அக்குஞ்சைக் காத்திருக்கலாகாதா?

சற்று எண்ணிப் பாருங்கள். புயலில் 145 அடி மரத்தில் ஏறுவது ஏறுபவருக்கு இடர் தரும். மனிதர் நெருங்கினால் பெற்றோர் அஞ்சிக் கூட்டை விட்டுப் பறக்கும். பெற்றோர் எழுந்தால் எஞ்சிய இரண்டு குஞ்சுகளும் பனியில் விறைக்கும். ஒன்றைக் காக்கச் சென்று மூன்றையும் இழக்க நேரிடும். அமெரிக்காவில் வெண்தலைக் கழுகைக் காப்பதற்காக 1940ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கழுகுக்கும் அதன் கூட்டுக்கும் இடையூறு செய்வது அந்நாட்டில் குற்றமாகும். கழுகுகள் கூட்டில் இருக்கும் காலத்தில் இம்மரத்தைச் சூழ்ந்த பகுதிக்குள் நுழையப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

கருவி நம்மைக் கூட்டின் அருகே அழைத்துச் செல்கின்றது. நம் கைகளை அங்கே கொண்டு செல்வதில்லை. அதனால்தான் பறவைகள் அச்சமின்றி வாழ்கின்றன. நாம் காண்பதும் அவற்றின் உண்மையான வாழ்க்கையாக இருக்கின்றது.

மனிதரின் கையில் உள்ளது

அவ்வாறாயின் நம்மால் ஒன்றுமே செய்ய இயலாதா? இதற்கு விடை இக்கழுகினத்தின் வரலாற்றிலேயே உள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி பெருமளவில் தெளிக்கப்பட்டது. அது மழைநீரோடு ஏரிகளையும் ஆறுகளையும் அடைந்தது. நீரிலிருந்து சிற்றுயிர்களுக்கும், அவற்றிலிருந்து மீன்களுக்கும், மீன்களிலிருந்து கழுகுகளுக்கும் சென்றது. ஒவ்வொரு படியிலும் நஞ்சின் செறிவு மிகுந்தது. அந்நஞ்சினால் கழுகின் முட்டையோடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையையே தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. வாழ்விக்க வந்த அணைப்பே முட்டைக்கு அழிவாயிற்று.

1963ஆம் ஆண்டில், அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக உள்ள அமெரிக்க மாநிலங்களில் கூடு கட்டும் இணைகள் 417 மட்டுமே எஞ்சியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் ரேச்சல் கார்சன் என்னும் அறிவியலாளர் இந்நஞ்சின் தீமையை மக்களுக்கு எடுத்துரைத்தார். 1972ஆம் ஆண்டு அமெரிக்க அரசு டி.டி.டி.க்குத் தடை விதித்தது. கழுகுகள் மெல்லப் பெருகின. 2007ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கணக்கின்படி, அதே மாநிலங்களில் கூடு கட்டும் இணைகள் 71,400 ஆகும்.

நம் நாட்டிலும் இதனையொத்த நிகழ்வு உண்டு. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவை இறந்த பின் அவற்றை உண்ட பாறுகளைப் பெருமளவில் கொன்றது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006ஆம் ஆண்டு தடை செய்தது.

புயலில் நடுங்கும் ஒரு குஞ்சைக் காப்பது நம் கையில் இல்லை. ஓர் இனம் வாழ்வதற்கான நீரையும் மரத்தையும் நஞ்சின்றிக் காப்பது நம் கையில் உள்ளது.

எஞ்சிய இரண்டு குஞ்சுகள் என்ன ஆயின? அவ்வூரின் மூன்றாம் வகுப்பு மாணவர்கள் தேர்ந்தெடுத்தபடி அவற்றுக்குச் சன்னி, கிஸ்மோ என்னும் பெயர்கள் சூட்டப்பட்டன. சாம்பல் தூவி உதிர்ந்து கரும்பழுப்பு இறகுகள் முளைத்தன. கூட்டின் ஓரத்திலும் கிளைகளிலும் நின்று சிறகடித்துப் பழகின. சூன் மாதத்தில் இரண்டும் கூட்டை விட்டுப் பறந்தன. ஏறத்தாழ ஐந்து வயதில் அவற்றின் தலையும் வெண்ணிறமாகும்.

காண்பதற்கும் ஒரு முறை உண்டு

நேரலையைக் காணும்போது ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் ‘கண்டது’ என்றும் வலப்புறம் ‘கருதியது’ என்றும் தலைப்பிடுங்கள். ‘தாய் கூட்டின் விளிம்பில் நின்றது, தலையைத் தாழ்த்தியது’ என்பது கண்டது. ‘தாய் வருந்தியது’ என்பது கருதியது. இரண்டையும் எழுதலாம், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாகாது. நாள், நேரம், வானிலை ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

இதற்குத் திரை இன்றியமையாதது அன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வானில் வட்டமிடும் கரும்பருந்துகளை நீங்கள் நாள்தோறும் காணலாம். அவை உயர்ந்த மரங்களிலும் கோபுரங்களிலும் கூடு கட்டும். கூட்டைக் கண்டால் நெருங்காதீர்கள், கல்லெறியாதீர்கள், மாடியிலிருந்தோ சாளரத்திலிருந்தோ நோக்குங்கள். தொலைவில் நின்று, பொறுமையுடன், கண்டதைக் கண்டவாறே எழுதும் ஒருவர் அப்பறவைக்கு நல்ல அண்டை வீட்டார் ஆவார்.

சொற்பொருள்

நேரலை – நிகழும்போதே ஒளிபரப்பாகும் காட்சி
இணை – ஆணும் பெண்ணும் சேர்ந்த சோடி
அடைகாத்தல் – முட்டைகளின்மேல் அமர்ந்து சூடு தருதல்
தூவி – மென்மையான சிற்றிறகு
செறிவு – அடர்த்தி
பாறு – பிணந்தின்னிக் கழுகு
சாளரம் – சன்னல்

பயிற்சி

1. வெண்தலைக் கழுகு கூட்டுக்குள் நடக்கும்போது விரல்களை மடக்கிக்கொள்வது ஏன்?
2. டி.டி.டி. நீரிலிருந்து கழுகை அடைந்த வழியை வரிசைப்படுத்தி எழுதுக.
3. பின்வருவனவற்றைக் ‘கண்டது’, ‘கருதியது’ எனப் பிரிக்க: (அ) தந்தை மீனுடன் கூட்டில் இறங்கியது. (ஆ) குஞ்சு அண்ணன்மீது பொறாமை கொண்டது. (இ) பனி கூட்டை மூடியது.
4. “அக்குஞ்சைக் காப்பாற்ற மரத்தில் ஏறியிருக்க வேண்டும்” என்று உன் நண்பர் கூறுகிறார். அவருக்கு நீ கூறும் மறுமொழியைப் பத்து வரிகளில் எழுதுக.
5. உன் வீட்டருகே காணும் பறவை ஒன்றை 20 நிமிடங்கள் தொலைவிலிருந்து நோக்கிக் குறிப்பு எழுதுக. அதனைத் தாத்தா பாட்டிக்கோ ஊரில் உள்ள உறவினருக்கோ படித்துக் காட்டி, அவர்கள் ஊரில் அப்பறவைக்கு வழங்கும் பெயரைக் கேட்டு எழுதி வருக.