மறுத்துவிட்டுச் சென்ற மகன்



2003இல் வெளிவந்த 'அன்பே சிவம்' திரைப்படத்தை உங்களுள் பலர் குடும்பமாகப் பார்த்திருப்பீர்கள். அதில், பக்தியை வாய்நிறையப் பேசும் ஆலை முதலாளி தொழிலாளரின் ஊதிய உயர்வை மறுக்கின்றார். கடவுளை மறுக்கும் நல்லசிவமோ, தாம் நேசித்த பெண்ணின் வாழ்வு சிறக்கத் தம்மை மறைத்து விலகுகின்றார். விபத்தில் சிதைந்த அவரைப் பேணியவர் ஓர் அருட்சகோதரி.

மத்தேயு நற்செய்தி 21ஆம் அதிகாரத்தின் இரு மைந்தர் நினைவுக்கு வருகின்றனர் அல்லவா? மனிதரையே கடவுளாக்கும் படத்தின் கருத்தை நாம் ஏற்பதில்லை. மனிதர் இறைவனின் சாயல் என்பதே நமது விசுவாசம். எனினும், படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் வினவுங்கள்: "தோட்டத்துக்குச் சென்றவர் யார்?" பின்னர், நமக்காக உழைப்பவரின் கூலியைக் கையில் எடுக்கும்போது, அதே வினாவை நம்மிடமும் எழுப்புவோம்.