கழற்றி எடுத்துச் செல்லத்தக்க நுரை விமானம்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து முன்னாளில் ஏரிப் பாசன வயல்களாயிருந்த நிலங்களில் பெரும்பகுதி இப்பொழுது வீடுகளும் தொழிற்சாலைகளுமாய் மாறிவிட்டது. இவ்வூர்களில் வசித்துக்கொண்டு, தொலைவிலுள்ள கிராமங்களில் சாகுபடியைக் கவனித்துவரும் நிலச்சுவான்தார்களும் உண்டு. இவர்கள் வீட்டு இளைஞர் நுரைப்பலகையால் செய்து, வானொலி அலையால் இயக்கும் சிறு விமானம் வெறும் விளையாட்டுப் பொருளன்று. அதனடியில் சிறு புகைப்படக் கருவியொன்றைப் பொருத்தினால், வரப்பில் நின்று காண இயலாத நீர்த்தேக்கம், வறண்ட திட்டு, பயிர் மஞ்சளித்த இடம் ஆகியவற்றை ஒரே படத்தில் காணலாம்.

கழற்றும்படி செய்வது ஏன்?

ஜனநெருக்கமுள்ள ஊருக்குள் இதைப் பறக்கவிடுதல் அபாயம். மேலும், 2021-ஆம் வருஷத்து டிரோன் விதிகள் ஆகாயவெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மண்டலங்களாய்ப் பகுத்துள்ளன. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. ஆவடியில் படைத்துறை நிலையங்கள் உள்ளமையால், இப்பகுதியார் அரசின் ஆகாய வரைபடத்தைப் பாராமல் எதையும் மேலே ஏற்றலாகாது. விமானத்தின் எடைக்கும் உபயோகத்துக்கும் ஏற்றபடி பதிவும் உரிமமும் வேண்டுமா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

ஆகவே விமானத்தை வயலுக்கே எடுத்துச் செல்லவேண்டும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இறக்கையை பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ முழுதாய்க் கொண்டுபோவது இயலாத காரியம். கழற்றினாலும், கட்டும் முறை தவறினால் பயனில்லை. ரைட் சகோதரர் 1907-இல் பிரான்சுக்குப் பெட்டிகளில் அனுப்பிய விமானத்தை, 1908 ஜூனில் வில்பர் ரைட் திறந்து பார்த்தபோது பல உறுப்புகள் உடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு ஆகஸ்டு 8-ஆம் தேதிதான் அவர் அங்கே பறந்தார்.

இறக்கையின் இணைப்பு

காவடித் தண்டில் சுமை இரு முனைகளில் இருப்பினும், தண்டு முறிவது தோளின்மேல் அமையும் நடுவிடத்தில்தான். இறக்கைக்கும் அப்படியே. வளைக்கும் விசை நடுவில் மிகுதி. நாம் துண்டிக்கும் இடமும் அதுவே. ஆதலால் இரு பாதிகளையும் கார்பன் குழாயொன்றால் கோக்கவேண்டும். அக்குழாய் ஒவ்வொரு பாதியின் நீளத்திலும் மூன்றிலொரு பங்காவது உள்ளே செல்லவேண்டும். குழாய் நேரே நுரையில் உரசினால் துளை நாளடைவில் தளர்ந்துவிடும். எனவே சற்றுப் பெரிய உறைக்குழாயை நுரைக்குள் ஒட்டி, அதனுள் நுழைக்க வேண்டும். பின்விளிம்பருகே சிறு முளையொன்று அமைத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளாது. சில பசைகள் தெர்மாகோலைக் கரைத்துவிடுமாகையால், கழிவுத் துண்டில் பரீட்சித்தபின் ஒட்டுக.

உடலுடன் இறக்கையைப் பிணைக்க நைலான் போல்ட்டுகளே ஏற்றவை. அவற்றின் நட்டுகளை ஒட்டுப்பலகைத் துண்டில் பதித்து ஒட்டவேண்டும். விமானம் தரையில் மோதினால், மலிவான போல்ட் முதலில் முறிந்து இறக்கையைக் காக்கும். வாலையும் இவ்வாறே இரு திருகாணிகளால் கழற்றத்தக்கதாக்கலாம். பளு தாங்கும் இடத்தில் காந்தத்தை மட்டும் நம்பலாகாது.

கம்பிகளும் பெட்டியும்

சர்வோ மோட்டார்களின் கம்பிகளை இடம், வலம் மாற்றிச் செருகுதல் எளிதில் நேரும் தவறு. இரண்டுக்கும் வெவ்வேறு வர்ணம் பூசுக. அட்டைப்பெட்டியில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி அறை வகுத்து, ஒன்றோடொன்று உரசாதபடி அடுக்குக. லிதியம் மின்கலத்தைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்க. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்கலாகாது.

வயலில் சோதனை

பூட்டி முடித்தபின், மின்கலம், கருவி எல்லாம் உள்ளே இருக்க, இருவர் இறக்கை நுனிகளை விரலால் தாங்கி மெல்லத் தூக்குக. நேர்ப்பறத்தலில் நேரும் வளைவுக்கு இது ஏறக்குறைய இருமடங்கு. 60 பாகை சாய்ந்து சமஉயரத்தில் திரும்புகையில் ஏற்படும் சுமைக்கு ஒப்பானது. நடுவில் மடிந்தாலோ ஓசையெழுந்தாலோ அன்று பறக்கவிடற்க. பாய்ந்திறங்கித் திடீரென நிமிரும் ஆட்டத்துக்கு இச்சோதனை உத்தரவாதமன்று.

பின்னர் எடைநடுவைப் பார்க்கவேண்டும். வாலுள்ள சாதாரண விமானத்தில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே அமைவது வழக்கம். முதலிலேயே அவ்விடத்தில் குறியிட்டுவைத்தால், மின்கலம் இடம் மாறியிருப்பின் உடனே தெரியும். இறுதியாக, வலப்புறம் சாயக் கட்டளையிடுங்கால் வலது இறக்கை மடல் மேலெழவும் இடது மடல் தாழவும் வேண்டும். மாறாக அசைந்தால் கம்பிகள் மாறியிருக்கக்கூடும் என்று அறிக.

வயலில் நடவு செய்வோரும் களை பறிப்போரும் இருப்பர். வானில் இறக்கை கழன்றால், விழும் பொருள் நுரையாயினும் அதனுள்ளிருக்கும் மோட்டாரும் மின்கலமும் இலேசானவை அல்ல. ஏரைப் பூட்டுமுன் நுகக்கயிற்றை இழுத்துப் பார்க்கும் குடியானவர், இவ்விமானத்தின் பூட்டையும் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்த பிறகே கைவிடுவாராக.