அஞ்செட்டி வழியாகப் போகிறவர்களே, மோட்டல் பிறந்த கதை தெரியுமா?

பெங்களூரில் விடியற்காலை கிளம்பும் பைக்குகள் தேன்கனிக்கோட்டை தாண்டி, எங்கள் அஞ்செட்டியில் டீ குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒகேனக்கல் சேர்ந்துவிடுகின்றன! மாட்டுவண்டிக் காலத்தில் அது நடக்குமா? நடுவில் எங்காவது ராத்தங்கல் போட்டே ஆக வேண்டும். ஒரு பகலில் வண்டி எவ்வளவு தூரம் போகுமோ, அங்கேதான் விடுதி முளைக்கும். உலகம் முழுக்க இதுதான் கணக்கு!

மோட்டல் என்றால் காரில் வருவோர் தங்கும் சாலையோர விடுதி. அந்தப் பெயரில் பலகை மாட்டிய முதல் விடுதி எங்கே தெரியுமா? கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில், 1925 டிசம்பரில்! ஏன் அந்தச் சின்ன ஊர்? லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அதுதான் நடுவழி. அன்றைய கார்களுக்கு அது இரண்டு நாள் ஓட்டம். அதுவரை கார்க்காரர்கள் பலர் சாலையோரம் கூடாரம் அடித்துத் தூங்கினார்கள்! ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் அறையும் குளியலறையும் கட்டி, காருக்கும் இடம் வைத்தார். ஓர் இரவுக்கு ஒன்றேகால் டாலர்!

நம் சத்திரங்களோ அதற்கும் எத்தனையோ காலம் மூத்தவை! ராணி மங்கம்மாள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சாலை போட்டுச் சத்திரங்களும் கட்டினார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை எழுப்பியது 1802இல். அதற்கு முந்தைய ஆண்டு, சத்திரங்களைப் பற்றி அவர் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் மெய்சிலிர்க்கும்! எந்தச் சாதியார் வந்தாலும் சோறு. குழந்தைக்குப் பால். நோயாளிக்கு வைத்தியம். வந்த இடத்தில் பிரசவம் ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் பராமரிப்பு! இதில் எதற்கும் காசு கிடையாது!

சத்திரங்களைப் போலவே பயணிகள் தங்க வெள்ளைக்காரர்கள் கட்டிய டிராவலர்ஸ் பங்களாவின் (டி.பி.) மிச்சம்தான் பல ஊர்களில் இருக்கும் 'டி.பி. ரோடு'.

மறுபடி மோட்டலுக்கு வருவோம். 1951இல் அமெரிக்காவில் குடும்பத்தோடு காரில் போன கெம்மன்ஸ் வில்சன் என்பவரிடம், பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மோட்டல்களில் தனியாக வசூலித்தார்கள். கொதித்துப்போனவர் மறு ஆண்டே மெம்பிஸில் 'ஹாலிடே இன்' தொடங்கிவிட்டார், பிள்ளைகளுக்கு இலவசம் என்று! சரபோஜியின் சத்திரத்தில் 150 ஆண்டுக்கு முன்பே பாலும் சேர்த்துக் கொடுத்தார்களே!

இன்னொன்று தெரியுமா? இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளியினர் கையில். பெரும்பாலோர் குஜராத்தின் படேல்கள். குடும்பமே அங்கு தங்கி, துணி துவைத்து, அறை கூட்டி, கணக்கும் எழுதி வளர்த்த தொழில் அது!